லண்டன் பார்க்க ஒரு ஒப்பரேசன்

"வாயைத் திறக்காதை எண்டு சொன்னனான் எல்லே!"

மரியரட்ணம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டெனிஷ்காரனின் நாய் குரைத்தது. மனைவி எமிலியா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் என்ன சொன்னனான்? லீவு கிடைச்சிருக்கு எண்டு மட்டும்தான் உங்கட தம்பியின்ர மனிசிக்குச் சொன்னனான்."

"லீவு எண்டால் போதும். லண்டன் எண்டு மணந்து பிடிச்சிடுவாள்."

மரியரட்ணம் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். லண்டனுக்குப் பல முறை போயிருக்கிறார். லண்டனை ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தம்பி இன்னாசித்தம்பி வீட்டு சோபா. விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சோபாவில் இருத்துவார்கள். பிட்டும் கணவாய்க் கறியும் தீத்தி, யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவை ஒரு நிமிடமும் விடாமல் போட்டுக் காட்டி, திரும்ப விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இந்த முறை ஒருவருக்கும் சொல்லாத பயணம். ஹோட்டல். சொந்தக் கால். தேம்ஸ் ஆற்றுப் பாலம் திறந்து மூடுவதைச் சாகமுன் ஒருக்கால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் மனிதனின் ஆசை.

டென்மார்க்கின் மற்றப் பக்கம் இஷொய்யில் இருக்கும் மகள் ஜெசிக்காதான் இணையத்தில் ஹோட்டல் பிடித்தாள். படத்தில் கட்டில் பெரிதாக இருந்தது. மரியரட்ணம் நம்பவில்லை.

"படத்திலை நானும்தான் வடிவாய் இருக்கிறன்" என்றார்.

அன்று பின்னேரமே தம்பி தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, லீவாம். இஞ்சாலை வாறியளோ? சோபா புதுசு வாங்கியிருக்கிறம்."

மரியரட்ணம் காற்சட்டையை அடிவயிற்றுக்கு மேலே இழுத்துவிட்டார். அந்த அடிவயிறே ஒரு யோசனை கொடுத்தது.

"எங்கையடா வாறது! எனக்கு ஹேர்ணியா, குடல் இறங்கிப்போச்சு. அந்தக் கிழமைதான் ஒப்பரேசன்."

"ஐயோ! அப்ப நாங்கள் பாக்க வாறம் அண்ணை."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் ஒன்றோடு நிறுத்தமாட்டான்.

"வந்து என்ன செய்யப்போறாய்? என்னை ஓல்போர்க் ஆஸ்பத்திரியிலை மறிச்சு வைப்பினம். கிருமியாம், ஒருதரையும் உள்ளை விடமாட்டினம். எமிலியாவும் அங்கைதான் பக்கத்திலை தங்குவாள்."

மறுமுனையில் கலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தக் கிழமை முழுக்க நீங்கள் ரெண்டுபேரும் ஹொல்ஸ்டெப்ரோவிலை இல்லை?"

"இல்லையடா."

"ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார் அண்ணை" என்றார் தம்பி, மெல்ல. குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. மரியரட்ணத்துக்கும் கண் கலங்கியது.

ஞாயிறு பூசையில் பாதர் அவருடைய ஹேர்ணியாவுக்காக எல்லோரையும் செபிக்கச் சொன்னார். லண்டனில் கதைத்தால் ஹொல்ஸ்டெப்ரோவில் கேட்க அவ்வளவு நேரம்தான். அதன்பிறகு மரியரட்ணம் நொண்டாமல் வீதியில் போக முடியவில்லை. போகும்போது இடது கால், வரும்போது வலது கால்.

"ஹேர்ணியா வயித்திலை எல்லோ? ஏன் காலை இழுக்கிறியள்?" என்றாள் எமிலியா.

"வயித்தை இழுத்துக் காட்டினால் ஆருக்கடி தெரியும்?"

வீடு வீடாகச் சூப் வந்தது. குடித்துத் தொலைத்தார்கள்.

பயண நாள் காலை, கோயிலில் பாட்டுப் பாடும் சுஜிந்தன் காரோடு வாசலில் நின்றான்.

"அங்கிள், ஒப்பரேசனுக்கு பஸ்ஸிலையோ போறது? ஏறுங்கோ."

விமானம் பின்னேரம், தெற்கே பில்லுண்டில். ஓல்போர்க் வடக்கே. மறுத்தால் பொய் உடையும். ஏறினார்கள்.

"இவ்வளவு பெரிய பெட்டியோ அன்ரி?"

"எல்லாம் அவர் ஆஸ்பத்திரியிலை கட்டுற சாரம்" என்றாள் எமிலியா.

ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போவான் என்று பார்த்தால், அவன் காரை நிறுத்திவிட்டு, செபமாலையோடு உள்ளே வந்து குந்திவிட்டான்.

"உங்களைக் கூப்பிடுமட்டும் நான் போகமாட்டன்."

எப்படிக் கூப்பிடுவார்கள்? கடைசியில் தாதி ஒருத்தி வந்து "ஹென்னிங்!" என்றாள். சுஜிந்தன் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தான். மரியரட்ணம் எழும்பினார். உண்மையான ஹென்னிங்கும் எழும்பினார். இருவரும் ஒரே கதவால் உள்ளே போனார்கள். எமிலியா பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மரியரட்ணம் மற்றக் கதவால் வெளியே வந்து டாக்ஸி மறித்தார்.

லண்டன் ஹோட்டலில், படத்தில் இருந்த கட்டிலில் பாதிதான் இருந்தது. நம்பாமல் விட்டது சரிவந்ததில் மரியரட்ணத்துக்குச் சந்தோஷம். அடுத்த நாள் பாலத்தைப் பார்த்தார். அது நடுவால் பிளந்து வானத்துக்கு எழும்பியது. கீழே ஒரு கப்பல் போனது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பாத்தியே எமிலியா? இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ எண்டு சொல்ல ஒருதரும் இல்லை."

"அதுதான் பசிக்குது" என்றாள் எமிலியா.

அங்கேதான் காரியம் பிழைத்தது. பாணும் பட்டரும் தின்ற வயிறு சொல்வழி கேட்கவில்லை. தம்பி வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில், ஈஸ்ட்ஹாமில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். கொத்துரொட்டி கொண்டுவந்த பெண் தட்டை வைக்காமல் உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கள் டென்மார்க் எல்லோ? நான் சாரங்கி. இன்னாசித்தம்பி அங்கிளுக்குப் பக்கத்து வீடு. போனமுறை நீங்கள் வந்து நிக்கேக்கை கண்டனான்."

மரியரட்ணம் வயிற்றைப் பிடித்தார். பிறகு காலைப் பிடித்தார். இரண்டும் உதவவில்லை.

"பிள்ளை, உனக்குப் புண்ணியமாய்ப் போகும், அவனுக்குச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் உடைஞ்சு போவான். என்னிலை அவனுக்கு உயிர். இப்பவும் வீட்டிலை இருந்து எனக்காக அழுதுகொண்டிருப்பான், பாவம்."

சாரங்கி தட்டை மெல்ல மேசையில் வைத்தாள்.

"அவையள் குடும்பத்தோடை டென்மார்க் சுத்திப்பாக்கப் போயிட்டினம் அங்கிள். கனகாலத்து ஆசையாம், நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை போனால்தான் உங்கட வீட்டுக்கு வராமல் ஊரைப் பாக்கலாமாம்."