மாமா நடத்திய லவுஞ்ச் விருந்து

விமான நிலையத்தில் நிஜமாகவே பசிக்கிறவன் வெளியிலேயே ஒரு வடையை வாங்கித் தின்றுவிட்டுப் போய்விடுவான். லவுஞ்ச் என்கிற தனி ஓய்வறைக்குள் போகிறவனுக்கு இருப்பது வேறு பசி. கண்ணாடிக் கதவு தனக்காகத் திறப்பதை, உட்கார இடம் கிடைக்காமல் நிற்கும் நாலு பேர் பார்க்க வேண்டும். இட்லி, காபியெல்லாம் அதற்கப்புறம்தான். இதை நான் யாரையும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வங்கி, என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்காமல், ஒரு கிரெடிட் கார்டை அனுப்பிவைத்தது. அதைக் காட்டினால் லவுஞ்சுக்குள் போகலாம். கூட இரண்டு விருந்தாளிகளையும் அழைத்துப் போகலாம். உடன் வந்த விதிமுறைகளை, பழம்பாடலை உரையோடு படிக்கிறவனைப் போல அடிக்குறிப்பு விடாமல் படித்தேன். இரண்டு வயதுக்குள் இருந்தால் குழந்தை, தாண்டிவிட்டால் விருந்தாளி என்று போட்டிருந்தது. (மனிதன் எந்த வயதில் விருந்தாளி ஆகிறான் என்று இத்தனை துல்லியமாக எந்தத் தத்துவ நூலும் எனக்குச் சொன்னதில்லை.)

படித்த படிப்பு வீணாகாமல் ஒரு சந்தர்ப்பமும் வந்தது. என் தங்கை மலர் பெங்களூரின் தென்கோடியில், ஆனேக்கலில் இருக்கிறாள். அவள் கணவர் செல்வம் அங்கே பெயின்ட் கடை வைத்திருக்கிறார். மூத்தவள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது, தம்பி கதிருக்கு மூன்று. கதிருக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்து. கோயில் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். மலரும் மாப்பிள்ளையும் என் மனைவியும் பாத்திரம் பண்டங்களோடு வேனில் முன்னாடியே கிளம்பினார்கள். நிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை பாக்கி இருந்ததால் பிள்ளைகளைக் கூட்டிவரும் பொறுப்பு யாருக்கு என்ற பேச்சு வந்தது.

"பஸ்ல ஏத்திட்டு வந்துருங்க மச்சான். புள்ளைங்க பாட்டுக்குத் தூங்கிடும்" என்றார் மாப்பிள்ளை.

"தாய்மாமன் நான் இருக்கறப்ப அதுங்க எதுக்கு மாப்ள பஸ்ல வரணும்? மதுரைக்கு ஏரோப்ளேன்ல கூட்டியாரேன். லவுஞ்ச்ல டிபன்."

லவுஞ்ச் என்றால் என்ன என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அவர் வேனுக்குக் கயிறு கட்டி முடிக்கும்வரை விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "டயத்துக்கு வந்துருங்க. மடி இல்லாம காது குத்த முடியாது."

அதுதான் விஷயம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். நான் சிக்கிக்கொண்டால் குத்த வேண்டிய காது, உட்கார வேண்டிய மடி, இரண்டுமே பெங்களூரில் மாட்டிக்கொள்ளும். அவர் வீட்டுச் சனம் மொத்தமும் கோயிலில் கூடி என் பேரைச் சொல்லிச் சிரிக்கும்.

இரண்டு நாள் ஆனேக்கல் வீட்டிலேயே பிள்ளைகளோடு தங்கினேன். கிளம்பும் அன்று இருட்டோடு எழுப்பி, குளிப்பாட்டி, நகரத்தின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை காரில் கொண்டுபோய் விமான நிலையத்தில் சேர்த்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

லவுஞ்ச் வாசலில் இருந்த பெண் கார்டைத் தேய்த்துவிட்டு, பிள்ளைகளின் வயதைக் கேட்டாள். அவள் கேட்காத விதிகளையும் சேர்த்துச் சொன்னேன். "சரி சார், ரெண்டு பேரும் உங்க கெஸ்ட். சொல்ப பார்த்துக்கோங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி உள்ளே விட்டாள்.

நிலா என் கையை இழுத்தாள். "கெஸ்ட்னா யாரு மாமா?"

"விருந்தாளிம்மா."

"அப்ப நீங்க?"

இந்த இடத்தில் 'நானும் ஒரு பயணிதான்' என்று ஒரு நேர்மையான மனிதன் சொல்லியிருப்பான். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் கூப்பிட்டவன். இங்க மாமா பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க" என்றேன்.

நிலா சுற்றிலும் பார்த்தாள். மேஜை மேஜையாக ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாத்திரங்களில் பொங்கலும் வடையும் ஆவி பறக்க இருந்தன. அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அந்த மரியாதையோடு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தோசை வரிசைக்குப் போனேன்.

தோசை வார்ப்பவர் அவசரமே இல்லாத மனிதர். நான் மூன்று தோசைகளோடு திரும்பியபோது நாற்காலிகள் காலி. என் கைப்பை திறந்து கிடந்தது.

பிள்ளைகள் வாசலில் இருந்தார்கள். நிலா காபி மேஜையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துவந்து, கல்யாண மண்டபத்தில் கல்கண்டு நீட்டுவது போல நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கதிர், என் சானிடைசர் ஸ்ப்ரேயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். (அவன் உயரத்துக்கு அது எல்லோருடைய பேண்டிலும் சரியாக எந்த இடத்தில் பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) வரவேற்புப் பெண் கார்டு ஓடாத ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் எதையும் கவனிக்கவில்லை.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. மாமா எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார். வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்க வேண்டாமா? அந்த மாதம் போன கல்யாணங்களிலெல்லாம் அவளை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள்.

"யாரையாவது உள்ள கூப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு தாத்தாவும் அம்மாச்சியும் வெளிய சும்மா உக்காந்திருந்தாங்க. எங்க மாமா சாப்பாடு போடறாங்க, வாங்கன்னு சொன்னேன். நாளைக்குத் தம்பிக்குக் காது குத்து, அதுக்கும் வந்துருங்கன்னு சொல்லிட்டேன்."

நான் வாசலில் நின்ற நேரத்தில் அவர்கள் தட்டுகளோடு ஜன்னல் ஓரத்தில், நான் பிடித்து வைத்திருந்த மேஜையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் பெயர் சோலைமலை, மனைவி பேச்சியம்மாள். நீலசந்திராவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டு, மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் முதல்முறையாக விமானம் ஏறப்போகிறார்கள். எங்கள் மதுரை விமானம்தான். பெரியவரின் மீசை தனியாக டிக்கெட் கேட்கும் அளவில் இருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்று என் மேஜையில் என்னை உபசரித்தார். "பொங்கல்ல மொளகு கொறச்சல். ஆனா பாப்பா கூப்புட்ட மொறைக்கே வயிறு நெறைஞ்சுபோச்சு."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கோட்டு போட்ட இளைஞர். "சார், இவங்களும் உங்க கெஸ்டா?"

பேச்சியம்மாள் வடையோடு கையை அந்தரத்தில் நிறுத்திக் கணவரைப் பார்த்தார். "ஏங்க, இது நமக்கில்லையோ?"

நான் என்ன சொன்னேன் என்பதை எங்கள் வீட்டில் பெருந்தன்மை என்கிறார்கள். உண்மையில், 'கூப்பிட்டவன்' என்ற பட்டத்தைக் கொஞ்ச நேரத்திலேயே இழக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆமா, நம்ம ஆளுங்கதான்" என்று அரசன் மாதிரி கையை வீசினேன். கார்டில் விருந்தாளிகள் தீர்ந்துவிட்டதால் அவர்கள் இருவருக்கும் தனியாகக் கட்டணம் என்றார் மேனேஜர். அதையும் அரசன் மாதிரியே கட்டினேன்.

அப்புறம் பேச்சு சுவாரசியமாகப் போனது. விமானத்தை எப்போது கூப்பிடுவார்கள் என்று சோலைமலை கேட்டார்.

"அதுதான் ஐயா லவுஞ்சோட சிறப்பு. வெளிய மாதிரி இங்க ஒலிபெருக்கில கத்த மாட்டாங்க. நிம்மதியா உக்காரலாம். நாமளா நேரம் பார்த்துப் போகணும்" என்று ஆரம்பித்து, உலகத்தின் பல விமான நிலையங்களில் மௌனம் எப்படிப் பேணப்படுகிறது என்று விளக்கினேன். (அவற்றில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. படித்திருக்கிறேன்.) அந்த விளக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான், கொஞ்ச தூரத்தில் எங்கள் விமானத்துக்கான கேட்டை மூடினார்கள்.

நாங்கள் ஓடிய ஓட்டத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. முன்னால் கதிரைத் தோளில் போட்டுக்கொண்டு சோலைமலை, அடுத்து நிலா, பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேச்சியம்மாள், கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு தாய்மாமன். கேட்டில் நின்ற பெண், "க்ளோஸ் ஆய்த்து சார். எஷ்டு சாரி, எத்தனை தடவை கூப்பிட்டோம், உங்க பேர் சொல்லி" என்றாள். என் பேரை அந்த விமான நிலையமே கேட்டிருக்கிறது, என்னைத் தவிர.

அன்றைக்கு மதுரைக்கு வேறு எதிலும் ஐந்து பேருக்கு இடமில்லை. நான் ஒரு தூணைப் பார்த்தபடி நின்றேன். சோலைமலைதான் நிலைமையைக் கையில் எடுத்தார். வாசலில் ஒரு பெரிய காரைப் பிடித்து, டிரைவரோடு பேரம் பேசி, எல்லோரையும் ஏற்றினார். கதிர் அவர் மடியில் உட்கார்ந்து மீசையைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு அவன் அந்த மடியை விட்டு இறங்கவே இல்லை.

இனி ஒரு பூகோளச் செய்தி. விமான நிலையம் பெங்களூரின் வடக்கே. மதுரைக்குச் சாலை வழி தெற்கே. ஆகவே காலையில் கடந்த நகரம் முழுவதையும் திரும்பக் கடந்து, உச்சி வெயிலில் சந்தாபுராவுக்கு வந்தோம். அங்கே பிரியும் சாலையைக் காட்டி, "மாமா, இது நம்ம வீட்டுக்குப் போற ரோடு" என்றாள் நிலா. விடியலில் ஏறிய இடத்துக்கு மதியம் வந்து சேர்ந்திருந்தோம். லவுஞ்ச் டிபன் மட்டும் உபரி.

பெரியவர்களை வழியில் அவர்கள் ஊரில் இறக்கிவிட்டு நாங்கள் கோயில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, தங்கியிருந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். கோபிக்கவில்லை. காருக்குப் பின்னால் எட்டிப்பார்த்துவிட்டு, "ஏரோப்ளேன எங்க நிறுத்திட்டு வந்தீங்க மச்சான்?" என்றார்.

போகட்டும், மடி வந்து சேர்ந்துவிட்டதல்லவா என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை கோயிலில் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மணையில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார். கதிர் ஊசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து ஓடினான். சலவைச் சட்டையும் தாம்பூலத் தட்டுமாக அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்த சோலைமலையின் காலைக் கட்டிக்கொண்டான். (நிலாவின் அழைப்பை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.) எத்தனை பேர் இழுத்தும் பிடியை விடவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: பையன் அந்த ஐயா மடியில் உட்காரட்டும், தாய்மாமன் பக்கத்தில் குந்தி, பையனின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அப்படியே நடந்தது. புகைப்படமும் எடுத்தார்கள். சட்டம் போட்டு ஆனேக்கல் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். சோலைமலை நடுவில் கம்பீரமாக இருக்கிறார், மடியில் கதிர் அழுகிறான். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாப்பிள்ளை காபி கொடுத்து உட்காரவைத்து, "இதுல தாய்மாமன் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறார். எல்லோரும் யோசிக்காமல் மீசையைத்தான் காட்டுகிறார்கள். போன மாதம் வந்த ஒருவர் மட்டும் என்னையும் கவனித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்துக்கு அருகில் போய், என் மேல் விரலை வைத்து, "இந்த ஓரத்துல குந்தியிருக்கறவருதானே காது குத்த வந்த ஆசாரி?" என்று கேட்டார்.