மாப்பிள்ளை ரத்தம் கலங்குமா?

சோதனைப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் முடிவு, பிறகுதான் சோதனை.

சேந்தமங்கலத்து எல்.எம்.பி. டாக்டர் பாலசுந்தரம் இந்த இனத்தில் முழு உருப்படி. கொல்லிமலை அடிவாரத்தில் மலேரியாவுக்குப் பஞ்சமா? அந்தக் கிருமியோடு சண்டை போட்ட ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஒன்று தங்கிவிடும் என்று எங்கோ படித்தவர், அதைப் பிடித்துக் காட்டச் சொந்தமாக ஒரு மருந்து காய்ச்சினார். ரத்தத்தின் தெளிநீரில் இரண்டு சொட்டு விட வேண்டும், கலங்கினால் மலேரியா. காய்ச்சலோடு வந்தவனுக்குக் கலங்கியது. பல்வலியோடு வந்தவனுக்கும் கலங்கியது. "உள்ள ஒளிஞ்சிருக்குது" என்று அவனுக்கும் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைக் கொடுத்தனுப்பினார். கலங்காவிட்டால்? சோதனைக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று கம்பவுண்டருக்குத் திட்டு விழும். சோதனை மட்டும் தோற்றதே இல்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் கமலவேணிக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைகளின் கையைப் பிடித்து ஊசி குத்தலானார். இரண்டு வரன்கள் அப்படியே திரும்பிப் போயின. மூன்றாவதாக வந்தவன் ராசிபுரத்துக் கந்தவேல். கமலவேணிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. குழாய்க்குப் பிடிக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு ரத்தத்துல மலேரியா இருக்குதுங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க" என்றார் டாக்டர்.

கந்தவேலின் தாய் பாவாயி இடத்தைவிட்டு அசையவில்லை. "பொண்ணு ரத்தத்தையும் பாத்துப்போடலாமுங்களே."

டாக்டர் வாய் திறப்பதற்குள் கமலவேணி கையை நீட்டிவிட்டாள். அதுவும் கலங்கியது, இன்னும் கொஞ்சம் கெட்டியாகவே.

"இது நோயில்லீங்க. சின்ன வயசுல வந்துபோன காய்ச்சலோட அடையாளம். எதிர்ப்புச் சக்தி" என்றார் டாக்டர், கொஞ்சமும் கூசாமல்.

ஒரே கலங்கல்தான். அடுத்த வீட்டுக் குழாயில் நோய். நம் வீட்டுக் குழாயில் சக்தி.

பாவாயி வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தினாள். "என்னமோ இருந்துட்டுப் போவட்டுமுங்க. செவ்வாய் தோஷம் ஒரு பக்கம் இருந்தாத்தான் ஆகாது. ரெண்டு பக்கமும் இருந்தாப் பொருத்தந்தானுங்க. தட்டு மாத்திக்கலாமுங்க."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தம் சோதனை பொருத்தம் பார்க்கவும் உதவும் என்று டாக்டர் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்க என்னிடமும் ஒரு சோதனை இருக்கிறது, ஊசி வேண்டாம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அட, நம் எதிர்வீட்டுக்காரரேதான்!" என்று தோன்றியதா உங்களுக்கு? போச்சு, உங்கள் குழாய் கலங்கிவிட்டது.

எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு இருப்பது எதிர்ப்புச் சக்தி.