ரேமில் குடியிருந்த பேய்

கணினிச் சந்தையின் இரண்டாவது மாடியில் அன்று கால் வைக்க இடமில்லை. வரிசை படியில் இறங்கி, கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு, வண்டி நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. சிலர் அதற்குத் துண்டு போர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் தன் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, இன்னும் பத்தே பேர்தான், பொறுத்துக்கொள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற தாயை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகும்போது அவர் இவ்வளவு பொறுமையாக இருந்தாரா என்று நாம் கேட்கக் கூடாது.

எல்லாரும் ஜிபி சித்தரைப் பார்க்க வந்தவர்கள். பழைய கம்ப்யூட்டரில் கேம் திணறினால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? ரேம் பத்தவில்லை, படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு வயதாகிவிட்டது என்று நினைப்போம். நமக்கு ஞானம் அவ்வளவுதான். சித்தர் கண்டுபிடித்தது வேறு. ரேம் என்றால் நினைவகம். நினைவகம் என்றால் அதில் நினைவு இருக்கும். அந்தப் பெட்டியில் முன்பு விளையாடித் தோற்றவனின் துக்கமெல்லாம் அதில் தங்கிவிடும். அதற்குப் பெயர் தோல்வி தோஷம். அவன் திரையை முறைத்த முறைப்பு கிராபிக்ஸ் கார்டில் ஒட்டியிருக்கும். புதிய பாகம் போட்டாலும் தோஷம் அதில் தாவி ஏறிக்கொள்ளும். பெட்டியைப் புதிதாகவே வாங்கியிருந்தால்? தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தவன் தோற்றிருப்பானாம். அடடா, எந்தப் பக்கம் போனாலும் கதவை அடைத்துவிட்டார் பாருங்கள்!

நாற்பத்தோராவது ஆளாக நின்றவர் ஒரு பஸ் டிரைவர். ஐம்பத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாள் நிஜ பஸ் ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டினால்தான் தூக்கம் வரும். கடல் தாண்டி நர்ஸ் வேலை பார்க்கும் ஒரே மகளுடன் கம்ப்யூட்டரில் கார் பந்தயம். அந்த ஒரு மணி நேரம்தான் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் நேரம். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. பந்தயத்தில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டே போகும்போது மனதில் உள்ளதெல்லாம் வந்துவிடும். போன வருடம் அவளுக்கு வேலை போக இருந்ததுகூட நாலாவது வளைவில்தான் அவருக்குத் தெரிந்தது.

இப்போது அந்த கேமில் புதிய பதிப்பு வந்துவிட்டது. டிரைவரின் பெட்டி எட்டு வருடத்துக்கு முன்பு யாரிடமோ பழையதாக வாங்கியது. நாலு ஜிபி ரேம். கார் நின்று நின்று போனது. மகள் பந்தயத்தை முடித்துவிட்டு, "அப்பா, நீ வர்றதுக்குள்ள நான் சமைச்சே முடிச்சிடுவேன் போலிருக்கே" என்று சிரித்தாள். அடுத்த வாரம் பாதியிலேயே படம் உறைந்துவிட்டது. அதற்கடுத்த வாரம், இன்றைக்கு வேண்டாமே அப்பா, உனக்கும் கஷ்டம் என்றாள். அந்த "வேண்டாமே"தான் டிரைவரை உலுக்கிவிட்டது. மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு சித்தரிடம் ஓடிவந்துவிட்டார். அந்தப் பணத்தில் ஒன்று தோஷத்தை ஓட்டலாம், அல்லது பாகம் மாற்றலாம். இரண்டுக்கும் வழியில்லை.

கூடவே அவருடைய மனைவியும் வந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்ப மாட்டாள். மாடி ஏறுமுன் கீழே கம்ப்யூட்டர் பாகம் விற்கும் ஒரு கடையில் நின்று விசாரித்தாள். சித்தர் வந்ததிலிருந்து அந்தக் கடைக்காரப் பெண் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ரேமில் யாராவது குடியிருக்க முடியுமா என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கரண்டை நிறுத்தினா அது எல்லாத்தையும் மறந்துடும்க்கா. சாயங்காலம் கடையைச் சாத்தினா ஒண்ணுமே இருக்காது. அதுல பேய் எங்கேருந்து வந்து உக்காரும்?"

டிரைவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரப் பொறாமை என்று முணுமுணுத்துவிட்டுப் படியேறினார்.

மேடையில் பெரிய திரை. அதன் அடியில் சித்தர் கறுப்புச் சட்டையும் செம்புக் கம்பியுமாக நின்றார். அவருடைய முறை எளிமையானது. பெட்டியைத் திரையில் இணைத்து கேமை ஓடவிடுவார். திரையின் மூலையில், வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று வேகத்தைக் காட்டும் எண் தெரியும். இருபத்திரண்டு. கூட்டம் உச்சுக்கொட்டும். பெட்டியைத் திறந்து கம்பியால் நாலு தடவு தடவி, ரேமின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு விடுதலைத் தகடு ஒட்டுவார். பிறகு எல்லாரும் கண்ணை மூட வேண்டும். தோற்றவன் வெளியேறும்போது நாலு பேர் பார்த்தால் கூச்சப்பட்டுத் திரும்ப உள்ளே போய்விடுவானாம். பேய்க்கும் மானம் மரியாதை உண்டல்லவா. கண்ணைத் திறந்தால் திரையில் அறுபது! கைதட்டலில் ஜன்னல் அதிரும்.

ஒரு வாலிபன் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, தகடு ஒட்டிய மறுநாளே துப்பாக்கிச் சண்டையில் முதல் தடவையாக ஜெயித்தேன் என்று நா தழுதழுக்கச் சொன்னான். தினமும் அவனைச் சுட்டுத் தள்ளுகிறவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்பதை அவன் சொல்லவில்லை.

நாற்பதாவது பெட்டி மேடை ஏறியது. கண்ணை மூடுங்கள் என்றார் சித்தர். டிரைவர் இறுக்கி மூடிக்கொண்டார். அவர் மனைவியும் மூடினாள், ஆனால் ஒன்றைத்தான். கடையில் யாரையும் அவள் இரண்டு கண்ணையும் மூடச் சொன்னதே இல்லை. மற்றொரு கண்ணால் சாவகாசமாகப் பார்த்தாள். சித்தரின் கை கீபோர்டுக்குப் போனது. கேமின் அமைப்புப் பக்கம் திறந்தது. படத்தின் தரம் என்ற இடத்தில் 'உயர்வு' என்றிருந்ததை 'குறைவு' என்று மாற்றினார். பக்கத்தை மூடினார். செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பழையபடி விறைப்பாக நின்றார்.

அடுத்தது டிரைவரின் பெட்டி. திரையில் பதினெட்டு என்று காட்டியது. சித்தர் பெட்டியைத் திறந்து பார்த்து, இதில் ஒருவன் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள் என்றார். டிரைவருக்கு வியர்த்துவிட்டது. கம்பி, தடவல், தகடு, எல்லாம் ஆயிற்று. கண்ணை மூடுங்கள் என்றதும் மனைவி மேடையில் ஏறி, கீபோர்டையும் மவுசையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப ஓட்டுங்க. மூணு பேரும் போகட்டும். நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிறோம்."

சித்தர் அவற்றை மேசையில் வைக்கச் சொன்னார். அவள், தோஷம் ரேமில்தானே இருக்கிறது, கீபோர்டில் இல்லையே என்று கேட்டாள். கூட்டத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. கண்ணை மூடிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. திறந்தால் பதினெட்டு. மறுபடி மூடிற்று. சித்தர் மந்திரத்தின் சத்தத்தைக் கூட்டினார். பதினெட்டு. மூன்றாவது தடவை எல்லாரும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். பதினேழாகிவிட்டது.

இந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் மூவரும் அடம்பிடிக்கிறார்கள் என்றார் சித்தர். டிரைவருக்கு மனைவி மேல் கோபம் பொங்கியது. எழுந்து நின்று, "விட்டுடு, எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்" என்று கெஞ்சினார். மனைவிக்கும் அது பொறுக்கவில்லை. உங்களுக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த தகட்டைப் பிய்த்து எறிந்தாள். அதில் சாக்லேட் வாசனை அடித்தது. பிறகு கீபோர்டைத் தட்டி, தான் ஒற்றைக் கண்ணால் பார்த்ததை அப்படியே செய்தாள். எல்லாரும் பார்க்கவே 'உயர்வு' போய்க் 'குறைவு' வந்தது.

திரையில் ஐம்பத்தெட்டு.

யாரும் கைதட்டவில்லை. அவள் தன் கடையில் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"இப்ப எண்ணைப் பாக்காதீங்க, படத்தைப் பாருங்க. முன்னாடி பாத்தது தெளிவா, இது தெளிவா?"

அப்போதுதான் பார்த்தார்கள். மரங்களில் இலை இல்லை. கார்களுக்கு நிழல் இல்லை. வழிப்பலகையில் எழுத்தே காணோம். சாலையோரம் நின்ற ஜனங்களுக்கு மூக்கு வாயெல்லாம் போய் மொழுமொழுவென்றிருந்தார்கள்.

"இவரு வேகத்தைக் கூட்டல. கம்ப்யூட்டரோட கண்ணைக் குறைச்சிருக்காரு. இதை நீங்களே வீட்டுல காசில்லாம செஞ்சுக்கலாம்."

ஜெயித்த வாலிபன் ஒலிபெருக்கியை ஓசைப்படாமல் கீழே வைத்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மேடையில் செம்புக் கம்பி மட்டும் இருந்தது. மூன்று பேயும் போனதோ இல்லையோ, சித்தர் போய்விட்டார்.

சித்தர் கைக்குப் போகாமல் தப்பிய பணத்தோடு டிரைவரும் மனைவியும் கீழே இறங்கினார்கள். கடைக்காரப் பெண் பெட்டியைத் திறந்து, முதலில் அதிலிருந்த தூசியை ஊதித் தள்ளினாள். பழைய ரேமைக் கழற்றிவிட்டு எட்டு எட்டாகப் பதினாறு ஜிபி போட்டாள். கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் பெட்டிக்குள் அது நீளத்தில் அடங்குமா என்று அளவு நாடா வைத்துப் பார்த்தாள். மின்சாரம் தரும் பாகம் அதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டாள். கார்டு பழையதுதான், யாரோ விளையாடித் தோற்று விற்றது. முந்தைய சொந்தக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று டிரைவர் அசடு வழியக் கேட்டார். இருந்தால் வாடகை வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெயித்தாள், அரை வினாடியில். "அப்பா, கடைசி வரைக்கும் என் பின்னாடியே வந்துட்டே" என்று கத்தினாள். அதற்கப்புறம் பந்தயமே வைக்காமல் இருவரும் அந்தத் தெருக்களில் மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு பேசினார்கள். தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னபோது டிரைவர் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினார். இலைகள் உதிர்ந்தன, எண்ணிவிடலாம் போலத் தெளிவாக.

ஜிபி சித்தர் இப்போது வேறு ஊரில் பழைய கைப்பேசிகளுக்குத் தோஷம் ஓட்டுகிறாராம். அங்கேயும் வரிசை வண்டி நிறுத்துமிடம் வரை நிற்கிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மூளையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சுமையாக இருக்கலாம். ஒரு கண்ணையாவது திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.