வெள்ளிக்கிரகத்து மச்சான்

தூத்துக்குடி,
17-2-1947

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மைத்துனர், நாசரேத் இங்கிலீஷ் வாத்தியார் ஜெபசிங் அவர்கள் சமுகத்துக்கு, துறைமுகத்து டாலி கிளார்க் செல்வதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் தங்கை ஜெபகனியும் நானும் தேவகிருபையால் சுகம். தாங்களும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்பி, என் கோபத்தை அடுத்த பாராவுக்கு ஒத்திவைக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. விஞ்ஞானக் கதைகள் எல்லாம் ஒரு வருஷச் சரக்கு என்றும், இருபது வருஷத்துக்கு முந்திய ராக்கெட்டைப் படித்தால் இன்று சிரிப்புத்தான் வரும் என்றும், இவை எப்படி நிலைத்து நிற்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிற்கிறது ஐயா. சங்கு குளிக்கிற காலத்தில், காற்றும் கடலும் சரியாக இருக்கும்போது, போன திங்கள் முதல் சங்குக்காரன் ரோச்சின் வள்ளம் கரையில் நிலைத்து நிற்கிறது. காரணம் அந்த இருபது வருஷப் பழங்கதைதான்.

நடந்தது இதுதான். கப்பல் வயர்லெஸ்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறதே, அதிலுள்ள ஒரு கதையை ஒரு சாயங்காலம் வள்ளக்காரர்களுக்குத் தமிழில் சொன்னேன். வெள்ளிக்கிரகத்துக்கு இரண்டு பேர் போகிறார்கள், அங்கே ஒரே கடல், ஒருத்தன் இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறான், மேலே கயிறு பிடிப்பது அவன் பார்ட்னர். இந்தப் பார்ட்னரை நீங்களாயிருந்தால் கூட்டாளி என்று சொல்லியிருப்பீர்கள், ஊர் அமைதியாக இருந்திருக்கும், கதையும் அன்றைக்கே செத்திருக்கும். நான் மச்சான் என்று சொன்னேன். இந்தக் கரையில் வேறு என்ன சொல்வது? கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். தங்கச்சி தாலி அறுக்க எவன் சம்மதிப்பான் என்கிற நம்பிக்கையில்தானே ஒரு மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போகிறான்? ரோச்சுக்கு அவன் பெண்டாட்டி மெட்டில்டாவின் அண்ணன் இனிகோ அப்படித்தான், பதினோரு வருஷமாக. நானும் ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டே போய், "அப்போது கயிறு தொய்ந்தது" என்று பக்கத்தைத் திருப்பினால், கடைசித் தாளைக் காணோம்!

"மச்சானா விட்டான்?" என்றான் ரோச்.

"ஏலே, விட்டான்னு எங்கன போட்டிருக்கு? தொய்ஞ்சுதுன்னுதான அண்ணாச்சி சொல்லுதாவ" என்றான் இனிகோ.

"தொய்ஞ்சா விட்டதுதாம்ல" என்று சொல்லி ரோச் இனிகோவின் கையைப் பார்த்தான் பாரும், அந்தப் பார்வைக்கு இனிகோ துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனவன்தான். மறுநாள் இவன் இறங்க மாட்டேன் என்கிறான், அவன் கயிற்றைத் தொட மாட்டேன் என்கிறான். மெட்டில்டா என் வாசலில் வந்து நின்று, "வெள்ளியில எவனோ கயித்த விட்டதுக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியலியே அண்ணாச்சி! எங்க அண்ணன் மொகத்துல அவிய முழிக்க மாட்டேங்காவ. முடிவ வாசிச்சுச் சொல்லுங்க, இல்லன்னா நான் இங்கனயே உக்காந்துருவேன்" என்று உட்கார்ந்தும் விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். அந்தக் கயிறு என் கையிலேயே தொய்ந்த மாதிரி இருக்கிறது.

இப்போது சொல்லும், இது ஒரு வருஷச் சரக்கா? அந்த இரும்புத் தொப்பி அபத்தம், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளியில் கடல் இருக்கிறதோ இல்லையோ, போய்ப் பார்த்தவன் இல்லை. ஆனால் மேலே நிற்கிறவன் விடுவானா மாட்டானா என்கிற கேள்விக்கு எந்தக் காலத்திலும் வயசாகாது. அதை ராக்கெட்டில் ஏற்றி, ஒரே மூச்சில் பத்துப் பக்கத்தில் சொன்னான் பாரும் அந்தக் கதைக்காரன், அதனால்தான் நிற்கிறது, இன்னும் நூறு வருஷம் நிற்கும். மச்சான் விட்டிருக்கமாட்டான் என்று ஊருக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் முடிவை வாசிக்கிறேன் என்றும் சொல்லியாகிவிட்டது.

ஆகவே அந்தத் தாளை உடனே அனுப்பும். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து, என் ஈசிசேரில் படுத்துக்கொண்டு, அந்தப் பத்திரிகையைப் பார்த்துச் சிரித்தது நீர். கிழித்ததும் நீர்தான். படித்த மனுஷன் செய்கிற வேலையா இது? ஓசியில் படித்துவிட்டுத் தாளைத் திருடுகிறவரை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உமக்குரிய ஸ்தோத்திரம் தாள் வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
செல்வதுரை

பின்குறிப்பு (அடுத்த திங்கள்): ஜெபகனி இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவிடவில்லை. "எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல, மொதல்ல வீட்டத் தேடுங்க" என்றாள். தாள் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. கண்ணாடி ஆடாமல் இருக்க நானே மடித்து வைத்திருக்கிறேன். தினம் இருவேளை அதன்மேல்தான் கண்ணாடியை வைத்து எடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். மேலே இருந்தவர் விடவில்லை. கீழே ஏதோ ஒரு பெரிய ஜந்து பிடித்து இழுக்க, மேலே இருப்பவரும் சேர்ந்து முழுகிவிடக் கூடாதென்று கீழே போனவனே கயிற்றை அறுத்துவிட்டான். வாசித்து முடித்ததும் இனிகோ ரோச்சைப் பார்த்து, "நீ அறுப்பியால?" என்று கேட்டான். ரோச், "கேக்கான் பாரு கேள்வி" என்று எரிந்து விழுந்துவிட்டு, நேரே போய்க் கல்லைத் தூக்கி வள்ளத்தில் வைத்தான். இன்று காலை இரண்டு பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். கடைசி வரியில் பார்ட்னர் அழுகிற இடத்தில் 'அவள்' என்று போட்டிருக்கிறது. மச்சான் இல்லை, பெண்டாட்டி! அதை நான் வாசிக்கவில்லை. நீரும் மூச்சுவிடக் கூடாது.

காகிதப் பஞ்சத்தில் எழுதினதைக் கிழிக்க மனமில்லாமல் இதை அப்படியே அனுப்புகிறேன். வருகிற சனிக்கிழமை என்னையும் ஒருதரம் கடலில் இறக்கிக் காட்டுவதாக ரோச் சொல்லியிருக்கிறான். இனிகோ கயிறு பிடிக்க வந்தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்துசேரும். மேலே எழுதினதை மனசில் வைத்துக்கொண்டு மட்டும் கயிற்றைப் பிடிக்க வேண்டாம்.