வாய்க்கால் சுவரில் மாட்டிய கை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அதாவது உயிரோடு இருக்கிறோம். அங்கு மகளும் குழந்தையும் நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். உங்களுக்கென்ன, என் போனில் டப்பா தேடும் ஆப்பை ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள்.

"ரிட்டயராகி உட்கார்ந்தே இருந்தா முட்டி பிடிச்சுக்கும் மாமா, நடங்க" என்றீர்கள். நடந்தோம். அந்தக் காலத்தில் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் இப்போது கல் போட்டு மூடி நடைபாதையாகக் கிடக்கிறதே, அதன் வழியெங்கும் வேலையற்ற யாரோ டப்பாக்களை ஒளித்துவைப்பார்களாம், போன் காட்டும் இடத்தில் தேடி எடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, மறுபடி அங்கேயே வைக்க வேண்டுமாம். "எடுத்ததைத் திரும்ப வைக்கவா இவ்வளவு பாடு?" என்று அத்தை அப்போதே கேட்டாள். போன் முதலில் ஒரு சலூனுக்குள் போகச் சொன்னது, போய் நாற்காலிக்கடியில் குனிந்தேன், சலூன்காரர் பிடித்து உட்காரவைத்துத் துணியைப் போர்த்திவிட்டார், விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு முடிவெட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் வாய்க்கால் சுவத்துல காத்துக்காக விட்ட பழைய ஓட்டையைக் காட்டுச்சு, கையை விட்டேன், டப்பா தட்டுப்பட்டுச்சு, கெட்டியாப் பிடிச்சேன், கை வெளியே வரல. சுவத்துக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட அம்மா எட்டிப் பார்த்து, "யாருய்யா அது, எங்க செவுத்துல என்ன பண்றே?"ன்னு கத்த, "டப்பா தேடறேம்மா"ன்னேன். அது எவ்வளவு கேவலமா இருக்குன்னு சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. கூட்டம் கூடிடுச்சு. அந்தம்மா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ன உங்க அத்தையப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரா?"ன்னு கேட்டாங்க. "நான் பஸ்ஸுக்கு நிக்கறேன்"னா மாப்பிள்ளை! பஸ்ஸும் வந்துச்சு, ஏறியும் போயிட்டா. கடைசியில ஒரு பிளம்பர் சோப்புத்தண்ணி ஊத்தி என் கையை உருவிவிட்டார். டப்பா உள்ளேயேதான் இருக்கு.

வீட்டுக்கு வந்தா அவ பேசல. நானும் பேசல. ரெண்டு நாளா இந்த வீட்ல குக்கர் மட்டும்தான் வாய் திறக்குது. சண்டை போடக்கூடத் தெம்பில்ல மாப்பிள்ளை. நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாளேன்னுதான் உறுத்துது. ஆகவே இந்த ஆப்பை எப்படி நீக்குவது என்று உடனே எழுதவும்.

மகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கவும்.

இப்படிக்கு,
வீங்கிய கையோடு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அத்தை எதிரில் வந்து நின்று, "பழைய பம்ப் ஹவுஸ் படிக்கட்டுக்குக் கீழ ஒண்ணு இருக்காம், நீங்க தூங்கும்போது போன்ல பார்த்தேன். வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்கிறாள். ஆப் இருக்கட்டும். அவள் போனிலும் ஏற்ற வழி எழுதவும். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.