குளிர்ச்சியாரின் செப்புத் தகடு

காலை ஒன்பது மணிக்கே குடியிருப்பின் கூட்ட அரங்கில் எள் விழ இடமில்லை. காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நோய், சூடு. ஒரே மருந்து, கம்ப்யூட்டர் சூட்டைத் தணிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்திருந்த குளிர்ச்சியாரின் செப்புத் தகடு. அதைப் பெட்டியின் நெற்றியில் ஒட்டி, கூடவே அவர் தரும் நிரலையும் ஏற்ற வேண்டும். திரையில் எழுபது டிகிரி என்று தொடங்கும் எண், படிப்படியாக இறங்கி முப்பத்தெட்டில் வந்து நிற்கும். கூட்டம் கைதட்டும்.

மேடையில் குளிர்ச்சியாருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் என்கிறீர்கள்? நம் இயற்பியல் வாத்தியார்தான்! பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். பேய், ஜோசியம், பில்லி சூனியம் அத்தனையையும் கிழி கிழியென்று கிழித்து நானூறு பக்கம் எழுதி வைத்திருப்பவர். அந்த நானூறு பக்கமும் இருந்த கம்ப்யூட்டர், அரை மணிக்கொருமுறை தானாக அணைந்து அவர் உயிரை வாங்கியது. தகடு ஒட்டினார். குளிர்ச்சியார் மட்டும் 'மந்திரம்' என்று சொல்லியிருந்தால் வாத்தியார் விரட்டியடித்திருப்பார். அவரோ 'எலக்ட்ரான் சமநிலை' என்றார். வாத்தியார் பொத்தென்று விழுந்துவிட்டார்.

தகடு ஒட்டியபின் கம்ப்யூட்டர் அணைவது நின்றதா? இல்லை. "தகடு பழக நாளாகும்" என்றார் குளிர்ச்சியார். அதையும் நம் விஞ்ஞானி நோட்டில் குறித்துக்கொண்டார்.

வாத்தியாரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். முந்தின நாள் மாலை அவர்தான் கேட்டார்.

"ஏங்க, இந்த முப்பத்தெட்டை எந்த இடத்துல வெச்சு எடுத்தாங்க?"

"அது... மொத்தமா எடுக்கும்."

"மொத்தமா எடுக்க அது என்ன குடும்ப ஃபோட்டோவா?"

நர்ஸ் மதர்போர்டோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தார். சூட்டை அளக்கும் சென்சார்கள் போர்டிலேயே இருந்தன. அவற்றைப் படிக்கும் டிரைவர் என்ற நிரலைத்தான் யாரும் ஏற்றவில்லை. இரண்டு தப்பான டிரைவரை ஏற்றி, மூன்றாவதில் எண்கள் வந்தன. அதில் ஒன்று மைனஸ் அறுபது.

"பாத்தியா, இதுவும் புளுகுது!" என்றார் வாத்தியார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"அந்த இடத்துல சென்சாரே மாட்டலங்க. அது உளறத்தான் செய்யும். கம்ப்யூட்டரோட மூளை இருக்கே, ப்ராசஸர், அதோட எண்ணைப் பாருங்க."

எண்பத்தொன்பது! வாத்தியாருக்கு வியர்த்தது.

"நாளைக்கு நான் மேடையில நற்சான்று குடுக்கணும். எல்லாரும் என்னை நம்பித்தான் வர்றாங்க. அங்க வந்து மானத்தை வாங்கிடாதே."

"உங்களை நம்பி வர்றாங்கன்னுதான் நானும் வர்றேன்" என்றபடி நர்ஸ் அந்த நானூறு பக்கத்தையும் பத்திரத்துக்குப் பென் டிரைவில் ஏற்றினார்.

சொன்னபடி மறுநாள் காலை நர்ஸ் மேடையேறியும் விட்டார். வாத்தியாரின் கம்ப்யூட்டரை இணைத்த பெரிய திரையில் இடப்பக்கம் குளிர்ச்சியாரின் எண், வலப்பக்கம் சென்சாரின் எண். கையில் தலைமுடி காய வைக்கும் டிரையர்.

"சூடு காட்டினா நிஜமான எண் ஏறணும். வேற ஒண்ணுமில்ல."

"அம்மா, சந்தேகத்தோட செஞ்சா தகடு வேலை செய்யாது" என்றார் குளிர்ச்சியார்.

"என் சந்தேகம் கம்ப்யூட்டருக்கு எப்படிங்க தெரியும்?"

பெட்டிக்குள் காற்று போகும் வழியில் டிரையரைப் பிடித்தார். வலப்பக்கம் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றேழு. இடப்பக்கம் நாற்பத்து மூன்று, நாற்பது, முப்பத்தெட்டு. 'பூரண குளிர்ச்சி' என்று பச்சை எழுத்தில் வந்தது. அடுத்த நொடி கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் அணைந்தது.

பக்கத்துக் கதவு வழியாகக் குளிர்ச்சியார் பையோடு நழுவினார். முதல் வரிசையிலிருந்த தையல்கடை அம்மா எழுந்தார்.

"சார், நீங்க சொன்னீங்கன்னுதானே எங்க கடை கம்ப்யூட்டருக்கும் ஒட்டினோம்? எங்க டிசைன் எல்லாம் அதுலதான் இருக்கு."

வாத்தியாருக்கு அவமானத்தில் காது சுட்டது. 'மோசடியைப் பிடிக்கத்தான் நம்பியதுபோல் நடித்தேன்' என்ற அருமையான பொய் நுனிநாக்குவரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டு, ஒலிபெருக்கியை இழுத்தார்.

"மன்னிச்சுக்கங்க. அந்த ஆள் ஏமாத்தினது உங்களை இல்ல, என்னை. உங்களை ஏமாத்தினது நான். இவ்வளவு படிச்சவர் சொல்றாரேன்னு நீங்க நம்பினீங்க. படிச்ச மாதிரி பேசுறாரேன்னு நான் அவரை நம்பினேன். ஒரு டிரையரை எடுத்துக் காட்டிப் பாக்கணும்னு உங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல."

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "சார், இனிமே நர்ஸம்மா சொன்னா நம்பலாமா?"

நர்ஸ் டிரையரை அவரிடம் நீட்டினார். "என்னை ஏங்க நம்புறீங்க? வாங்க, நீங்களே பிடிச்சுப் பாருங்க."