எட்டுக்குப் பதில் நூற்றிருபது

புதிதாக வேலை கற்றவர்களை நம்பவே கூடாது. குறிப்பாக அவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது. அந்த வெள்ளிக்கிழமை நான் அளவு கடந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்போது புனேயில் மொபைல் நெட்வொர்க் திட்டமிடும் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பொறியாளர். எங்கள் 3ஜி சிக்னல் கசார்வாடி அருகே மெலிந்துவிடும். பேசிக்கொண்டே போகிறவரின் போன் அங்கே சத்தமில்லாமல் பழைய 2ஜி கோபுரத்துக்குத் தாவ வேண்டும். ஆனால் அந்தக் காலத்து போனுக்கு ஒரு காதுதான். 3ஜியில் பேசும்போது 2ஜியைக் கேட்காது. அதனால் பேச்சை இறுக்கிக் கட்டி, நடுவில் சில மில்லிசெகண்டு இடைவெளி விடுவோம். அந்த இடைவெளியில் போன் பக்கத்து 2ஜி கோபுரங்களை எட்டிப் பார்த்து அளந்துவிட்டு ஓடிவரும். இடைவெளி எவ்வளவு நீளம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை முதன்முதலாக என்னைத் தீர்மானிக்கச் சொல்லியிருந்தார் சீனியர் தேஷ்பாண்டே. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். (இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. பயத்தில் இல்லை, குஷியில்.)

வெள்ளிக்கிழமை காலை காரில் போய் அதைச் சோதிக்க வேண்டும். அதே காலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து, எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என்னோடு பேசுவதாக ஏற்பாடு. புனே பக்கம் நிக்டியில் எங்கள் வீட்டில் என் அம்மா காலண்டரைப் பார்த்து, "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பேசி முடிச்சரு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சோதனைக்கோ வழி நெடுக அறுபடாத ஓர் அழைப்பு வேண்டும். வழக்கமாக ஆபீஸில் ஒரு மெஷினைக் கூப்பிடுவோம். எனக்கு ஒரு மகா யோசனை உதித்தது. என் சிம்மையே சோதனை போனில் போட்டேன். நான் செதுக்கிய இடைவெளிகளின் வழியே என் கல்யாணப் பேச்சு நடக்கும்! உலகில் எந்தப் பெண்ணுக்கு இந்த பாக்கியம் கிடைக்கும்?

நிக்டியிலிருந்து கிளம்பினோம். முன்னால் டிரைவர், பக்கத்தில் தேஷ்பாண்டே, என் மடியில் லேப்டாப். அழைப்பு வந்தது.

"எங்க பையனைப் புடிச்சிருக்கா கண்ணு?" என்றார் அந்த அம்மா, எடுத்த எடுப்பில்.

"புடிச்சிருக்குங்கம்மா. ஆனா ஒண்ணுங்க..."

கசார்வாடி. டொக்.

திருப்பிக் கூப்பிட்டால் பிஸி. என் இன்னொரு போன் அடித்தது, அம்மா.

"என்னடி ஆனா? அந்தம்மா எனக்கு போன் பண்ணி, 'உங்க பொண்ணு ஆனான்னு சொல்லி வெச்சுருச்சுங்க'ங்கறாங்க. வேற யாராச்சும் இருக்கானா?"

"அம்மா, நான் வெக்கல. 3ஜி வெச்சுருச்சு."

"யாருடி அவன்?"

தேஷ்பாண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து நான் கொடுத்த எண்களைப் படித்தார். அவர் முகம் போன போக்கில் நிரந்தர வேலை கண்ணெதிரே கரைந்தது. "எத்தனை ஃப்ரேமுக்கு ஒருமுறை இடைவெளி விட நினைச்சே?" என்று இந்தியில் கேட்டார். எட்டு என்றேன். "இங்கே நூற்றிருபது இருக்கே?"

ஃப்ரேம் என்பது பத்து மில்லிசெகண்டுத் துண்டு; ஒரு ஃப்ரேமுக்குப் பதினைந்து ஸ்லாட். இடைவெளியின் நீளத்தை ஸ்லாட்டில் எழுத வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை ஃப்ரேமில் எழுத வேண்டும். நான் மெனக்கெட்டு எட்டைப் பதினைந்தால் பெருக்கி (கால்குலேட்டரில் இரண்டு முறை சரிபார்த்து!) அதையும் ஸ்லாட்டாக்கியிருந்தேன். சாஃப்ட்வேரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பாவம் அந்த போன், எப்போதோ ஒருமுறைதான் எட்டிப் பார்த்தது. 2ஜி கோபுரத்தை அடையாளம் காண்பதற்குள் 3ஜி கைவிட்டுவிட்டது. வெட்கத்தில் சீட்டுக்கடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது.

தேஷ்பாண்டே புனே கேம்ப் பகுதியிலிருந்த எங்கள் ஆபீஸுக்கு போன் செய்து எட்டாக மாற்றச் சொன்னார். பிறகு ஒன்றுதான் சொன்னார்: "வண்டியைத் திருப்பு. அதே அழைப்பு."

மறுபடியும் கசார்வாடியை நெருங்கும்போது மணி பத்து இருபத்தைந்து. நானே கூப்பிட்டேன்.

"சொல்லும்மா." முதலில் சொன்ன 'கண்ணு' காணாமல் போயிருந்தது.

"ஆனா, கல்யாணத்துக்கப்பறமும் நான் வேலைக்குப் போவேனுங்க. இப்படி கார்ல ரோடு ரோடாச் சுத்தற வேலைதானுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். லைன் கட்டாயிருச்சு."

அந்த நேரம் பார்த்துத் திரையில் கோடு 3ஜியிலிருந்து 2ஜிக்கு அழகாகத் தாவியது. அழைப்பு உயிரோடிருந்தது. நான் என்னை மறந்து கத்தினேன்: "போயிருச்சு! போயிருச்சு!"

"என்ன கண்ணு போயிருச்சு?"

"2ஜிக்குப் போயிருச்சுங்கம்மா! கட்டாகாம போயிருச்சு!"

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "உன்னைய வேலைக்கு அனுப்பாம வீட்டுல வெச்சா, இந்தச் சத்தத்தையெல்லாம் நாங்கல்ல கேக்கோணும். நல்லாப் போயிட்டு வா, கண்ணு."

வேலை நிரந்தரமானது. கல்யாணமும் ஆனது. இன்றைக்கும் நான் பேச்சின் நடுவே தும்முவதற்கு நிறுத்தினால்கூட, இடைவெளிக் கதை முழுக்கத் தெரிந்த மாமியார் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்துகிறார். பிறகு கூடத்திலிருக்கும் அத்தனை பேரிடமும் சொல்கிறார்: "யாரும் எந்திரிக்காதீங்க. அளந்துட்டு இப்ப வந்துருவா."